மண்டகப்பட்டில் எத்தனை 'ட'? பச்சைக் குழந்தைக்குக் கேட்பது பெரியவர்களுக்கு ஏன் கேட்பதில்லை?

மண்டகப்பட்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர். இந்தப் பெயரை ஒருமுறை வாய்விட்டு, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது தொண்டைமேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில் 'ட' இரண்டு இடத்தில் வருகிறது. 'மண்ட' என்னும்போது விரலில் அதிர்வு விடாமல் தெரியும். 'பட்டு' என்னும்போது 'ட்ட' வரும் இடத்தில் அந்த அதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. ஆனாலும் தமிழ் பேசுகிறவர்களிடம் கேட்டால், "ரெண்டும் ட தானே, இதுல என்ன வித்தியாசம்?" என்பார்கள். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கோ இவை இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்.

இப்போது அதே ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயா மடியில் ஆறு மாதக் குழந்தை. அதற்கு இன்னும் 'அம்மா' சொல்லத் தெரியாது. ஆனால் பேச்சொலிகளைப் பிரித்துக் கேட்கும் வேலையில் அந்த வீட்டுப் பெரியவர்களைவிட அதுவே கெட்டிக்காரக் குழந்தை. பெரியவர்கள் காதில் ஒன்றாகிப்போன பல ஒலிகள் அதற்கு இரண்டாகக் கேட்கும். இந்தத் திறமை ஏன் வருகிறது, எப்போது மாறுகிறது, பெற்றோர் ஏன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

குழந்தையிடம் எப்படிக் கேட்டார்கள்?

பேசத் தெரியாத குழந்தையிடம் 'உனக்கு வித்தியாசம் தெரிகிறதா?' என்று எப்படிக் கேட்பது? 1971-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஐமாஸும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு மாதக் குழந்தைகளுக்கும் நான்கு மாதக் குழந்தைகளுக்கும் சூப்பானைக் கொடுத்து, சப்பும் வேகத்தை அளந்தார்கள்.

புது ஒலி கேட்டால் குழந்தை ஆர்வமாகி வேகமாகச் சப்பும். அதே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அலுத்துப்போய் வேகம் குறையும். அந்த நேரம் பார்த்து ஒலியை மாற்றினார்கள். ஆங்கிலத்தில் 'பென்' (பேனா) என்பதில் வரும் 'ப'விலிருந்து 'பஸ்' என்பதில் வரும் 'ப'வுக்கு மாற்றியதும் வேகம் மறுபடி ஏறியது. குழந்தை வித்தியாசத்தைக் கண்டுகொண்டது என்று பொருள். அதே அளவு மாற்றத்தை ஒரே 'ப'வுக்கு உள்ளேயே செய்தபோது வேகம் அப்படி ஏறவில்லை. அதாவது ஒலிகளை வகை வகையாகப் பிரித்துக் கேட்கும் தன்மை, பிறந்து நான்கு வாரம் ஆவதற்குள்ளேயே தெரிகிறது.

கேட்பது அதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் கருவுக்குக் காது கேட்கும். பிறந்த சில நாட்களிலேயே குழந்தை மற்றப் பெண்களின் குரலைவிட அம்மாவின் குரலை விரும்பிக் கேட்கிறது என்பதை 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சி நல்ல பேச்சைக் கேட்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கருவுக்கு வார்த்தையின் பொருள் புரியாது. ஆனால் பேச்சின் ஏற்ற இறக்கம் அதன் காதுக்குப் போய்ச் சேர்கிறது.

பத்தும் பட்டும்: ஒரு வயதுக்குள் நடக்கும் மாற்றம்

'பத்து', 'பட்டு' இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நமக்கு இவை குழம்பவே குழம்பாது. முதலாவதில் நாக்கு பல்லைத் தொடுகிறது, இரண்டாவதில் மடங்கி மேலண்ணத்தைத் தொடுகிறது. ஆனால் ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருடைய மொழியில் இந்த வித்தியாசத்துக்கு வேலையே இல்லை.

கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில் இதே த, ட வித்தியாசத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒலிகள் இந்தியிலிருந்து வந்தவை, குழந்தைகள் ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்தவர்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஒளிர்ந்து ஆடும் என்று குழந்தைகளைப் பழக்கினார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் மாற்றத்தைக் கண்டு தலையைத் திருப்பினார்கள். 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் வெகு சிலரே திருப்பினார்கள். இந்தி பேசும் வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கோ அந்த வயதிலும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

உயிரொலிகளில் இந்த மாற்றம் இன்னும் முந்தி வருகிறது. பட்ரீசியா கூலும் குழுவினரும் 1992-இல் அமெரிக்க, ஸ்வீடன் குழந்தைகளைச் சோதித்தபோது, ஆறு மாதத்திலேயே உயிரொலிகளைக் கேட்கும் விதம் வீட்டு மொழிக்கு ஏற்ப வேறுபட்டிருந்தது. 2006-இல் வெளியான இன்னொரு ஆய்வு கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. 'ர', 'ல' வித்தியாசத்தில் 6–8 மாத அமெரிக்கக் குழந்தைகளும் ஜப்பானியக் குழந்தைகளும் சமமாக இருந்தார்கள். 10–12 மாதத்தில் அமெரிக்கக் குழந்தைகள் முன்னேற, ஜப்பானியக் குழந்தைகள் பின்தங்கினார்கள். காரணம், ஜப்பானிய மொழியில் ர, ல என்ற பிரிவு இல்லை.

ஆக, இது வெறும் இழப்பு இல்லை. தேவையானதில் கூர்மை ஏறுகிறது, தேவையில்லாதது பின்னுக்குப் போகிறது. திண்டிவனம் பக்கம் மல்லாட்டை போடுகிற விவசாயி ஒரு கை அள்ளியதுமே நல்ல பருப்பு எது, சொத்தை எது என்று சொல்லிவிடுவார். அவர் கண்ணில் கோளாறு இல்லாமல்தான், மூட்டையில் உள்ள ஒவ்வொரு காயின் வளைவையும் கோட்டையும் கவனிக்காமல் விடுகிறார். எதைக் கவனிக்க வேண்டும் என்று பழகிவிட்டார். காதும் அப்படித்தான் பழகுகிறது.

'கேஸ் வந்துருச்சு': தமிழ்க் காதின் கணக்கு

தமிழ் இந்தப் பழக்கத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 'கல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுதுவது ஒரே 'க'. ஒலிப்பதோ மூன்று விதம். சொல்லின் முதலில் அதிர்வில்லாமல், மெல்லினத்துக்குப் பின் அதிர்வோடு, இரண்டு உயிருக்கு நடுவில் இளகி வரும். எந்த இடத்தில் எந்த ஒலி என்பது பெரும்பாலும் விதிப்படி அமைவதால் தனித்தனி எழுத்து தேவைப்படவில்லை. தனித்தனியாகக் கேட்க வேண்டிய அவசியமும் காதுக்கு வரவில்லை.

மொழியியலாளர்களுக்கும் இது பழைய கேள்விதான். தமிழ் வல்லின ஒலிகள் குறில், நெடில் போல நீளத்தால் பிரிகின்றனவா, தொண்டை அதிர்வால் பிரிகின்றனவா என்று லீ லிஸ்கர் 1958-இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவரும் ஆர்தர் ஆப்ரம்சனும் 1964-இல், உதடோ நாக்கோ விடுபடுவதற்கும் தொண்டை அதிரத் தொடங்குவதற்கும் நடுவில் உள்ள நேரத்தை 11 மொழிகளில் அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஐமாஸ் குழந்தைகளிடம் சோதித்ததும் இதே நேர இடைவெளியைத்தான்.

மண்டகப்பட்டுக் குகைக்கோயிலின் கல்வெட்டு இந்த வேறுபாட்டைக் கண்முன் நிறுத்துகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இந்தக் கோயிலை அமைத்ததாக, விசித்திரசித்தன் என்ற பட்டம் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் வெட்டிவைத்தது அது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தம். சமஸ்கிருதத்தில் ககர வரிசையில் மட்டும் நான்கு வல்லொலிகள், நான்கும் பொருளை மாற்றுபவை. ஆகவே நான்குக்கும் தனி எழுத்து வேண்டும். அதே நாட்டில் வழங்கிய தமிழுக்கு ஒன்று போதும். எழுத்துமுறை என்பது அந்தந்த மொழி பேசுவோர் எதை வேறாகக் கேட்கிறார்கள் என்பதன் பதிவும்கூட.

இந்தக் கணக்கு மாறாதது இல்லை. இன்றைய தமிழகத்தில் "கேஸ் வந்துருச்சு" என்று எழுதினால் சிலிண்டரா, போலீஸ் வழக்கா என்று தெரியாது. வாயால் சொன்னால் உடனே தெரியும். சொல்லின் முதலிலேயே அதிர்வுள்ள ஒலியோடு வரும் பஸ், பேங்க், கேஸ் போன்ற சொற்கள் அன்றாடப் பேச்சில் கலந்ததால், அந்த இடத்தில் வித்தியாசம் கேட்கத் தமிழ்க் காது பழகிவிட்டது.

ஊர்ப்பெயர்கள் சொல்லும் சாட்சி

அந்நியக் காதுக்கு நம் ஒலிகள் எப்படிக் கேட்டன என்பதை ஊர்ப்பெயர்களே சொல்லும். 'திண்டிவனம்' ஆங்கில எழுத்தில் 'டிண்டிவனம்' என்று படிக்கும்படி நிற்கிறது. தூத்துக்குடி 'டூட்டிகொரின்' ஆனது, தஞ்சாவூர் 'டாஞ்சூர்' ஆனது. த, ட வேறுபாடு இல்லாத காது, இரண்டையும் தன்னிடம் இருந்த ஒரே பெட்டியில் போட்டது.

'ழ' இன்னும் சுவாரசியம். 'சோழமண்டலம்' என்ற பெயரிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் 'கோரமண்டல்' பெயரில் அது 'ர'. 'தமிழ்' என்பதன் ஆங்கில வடிவில் அது 'ல'. 'விழுப்புரம்' ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு 'எல்'. 2020-இல் தமிழகத்தின் 1,018 ஊர்களின் ஆங்கிலப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்ற அரசாணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலிகளை இன்னொரு மொழியின் எழுத்தில் அடைப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை.

இது ஒருவழிப் பாதையும் இல்லை. ஆங்கிலேயர் நாக்கு நுனியைப் பல்லுக்கு மேலே ஈறில் வைத்துச் சொல்லும் ஒலியைத்தான் நாம் 'டீ', 'டாக்டர்', 'டிக்கெட்' என்று 'ட'வில் போட்டோம். பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பெயர்களைத் தமிழில் எழுதியவர்கள், தமிழில் இல்லாத ஓர் உரசொலிக்கு 'ழ'வைத் தேர்ந்தெடுத்தார்கள். 'ழான்', 'ழாக்' என்ற பெயர்கள் அப்படி வந்தவை. பல்லவர் கலையை ஆராய்ந்து நூல் எழுதிய, புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் பெயரின் முதல் எழுத்தும் அதுவே. பெரியவர்களின் காது புதிய ஒலியைக் கேட்டதும், தன்னிடம் இருப்பதில் அதற்கு மிக நெருங்கியது எது என்றுதான் முதலில் தேடும்.

அப்படியானால் பெரியவர்களால் முடியாதா?

முடியும், ஆனால் உழைக்க வேண்டும். ஜப்பானியப் பெரியவர்களுக்கு ர, ல கேட்கப் பயிற்சி கொடுத்த ஆய்வுகள் 1990-களில் வந்தன. ஒரே குரலைக் கேட்காமல் பலருடைய குரலில், பல சொற்களில், சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிப் பழக்கியபோது முன்னேற்றம் கிடைத்தது. காது மூடிவிடவில்லை, கவனம்தான் வேறு பக்கம் போயிருந்தது.

நம் ஊர் 'ழ'வுக்கும் இது பொருந்தும். வட மாவட்டங்களில் பல ஊர்ப் பேச்சில் 'வாழைப்பழம்' என்பது 'வாயப்பயம்', தென் மாவட்டங்களில் 'வாளப்பளம்'. இப்படிப் பேசும் வீட்டுக் குழந்தையின் காதிலோ நாக்கிலோ எந்தக் குறையும் இல்லை. அது தன் வீட்டார் பேச்சைச் சரியாகவே கற்றிருக்கிறது. வகுப்பில் அந்தப் பிள்ளையை எழுப்பிவிட்டு, "எங்க, பழம் சொல்லு பாக்கலாம்" என்று மற்றவர்களைச் சிரிக்கவைப்பதால் 'ழ' வராது. முதலில் 'வாழை – வாளை', 'மழை – மலை' என்று ஜோடி ஜோடியாகக் கேட்டுப் பிரிக்கப் பழக்க வேண்டும். பிறகு நாக்கு. 'ள'வில் நாக்கு மேலே தொடும், 'ழ'வில் மடங்கிப் பின்னால் போகும், ஆனால் தொடாது. அமெரிக்காவில் ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளர்களும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஒலிகளின்போது நாக்கின் வடிவத்தை எம்.ஆர்.ஐ. படம் முதலிய கருவிகளால் அளந்து 1999-இல் வெளியிட்டார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல் நாக்கு, பல், அண்ணம் என்று இடம் சொல்லி விளக்கிய ஒலிகளை இன்றைய கருவி படம்பிடித்தது.

செல்போன் கற்றுத்தருமா?

"ரைம்ஸ் போட்டுவிட்டா புள்ள தானா இங்கிலீஷ் கத்துக்கும்" என்று நினைக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. 2003-இல் கூலின் குழு, ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைக் கேட்கவைத்தது. ஒரு குழுவோடு சீனம் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். மொத்தம் 12 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டை, தைவானில் சீனம் கேட்டு வளர்ந்த குழந்தைகள் அளவுக்குப் பிரித்தார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளுக்கு எந்தப் பலனும் இல்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்டவர்களுக்கும் அப்படியே.

திண்ணையில் உட்கார்ந்து, "என் செல்லக்குட்டி எங்க இருக்கு? இங்க இருக்கா?" என்று முகத்தைப் பார்த்து, இழுத்து இழுத்து ஆயா பேசுவது வேலையற்ற கொஞ்சல் இல்லை. குழந்தையிடம் பேசும்போது அம்மாக்கள் உயிரொலிகளை நீட்டி, ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி, தெளிவாகச் சொல்கிறார்கள் என்பதை அமெரிக்கா, ரஷ்யா, ஸ்வீடன் மூன்று நாடுகளிலும் அளந்து 1997-இல் காட்டியிருக்கிறார்கள். குழந்தைக்கு நல்ல மொழி வகுப்பு அந்தப் பேச்சுதான், அதற்குக் கட்டணமும் கிடையாது.

"ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும்"

முதல் வருடம் இவ்வளவு முக்கியம் என்றால், அந்த வருடம் முழுக்கக் காதே கேட்காத குழந்தையின் நிலை என்ன? பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 1 முதல் 3 பேருக்குப் பிறவியிலேயே கணிசமான கேட்புக் குறை இருக்கிறது என்பது உலக அளவிலான கணிப்பு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள இடங்களில் அந்த ஆபத்து கூடுகிறது.

சிக்கல் என்னவென்றால், கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் அழும், சிரிக்கும், 'ங்கா' கொட்டும். அதனால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. வித்தியாசம் அதன் பிறகுதான் தெரியும். கேட்கும் குழந்தைகள் 6 முதல் 10 மாதத்துக்குள் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கத் தொடங்குவார்கள். கேட்காத குழந்தைகளுக்கு அது மிகவும் தாமதமாகும். அப்போதும், "ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும். அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசுனாரு" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தில் ஒலிகளைப் பிரித்துப் பழக வேண்டிய காலமே கடந்துபோய்விடும்.

மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு 1–3–6. ஒரு மாதத்துக்குள் கேட்புச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது பயிற்சி. முதல் சோதனையில் காதுக்குள் ஒரு சிறு முனையை வைத்து, மெல்லிய ஒலியை அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் எதிரொலியை அளப்பார்கள். வலி இல்லை, தூங்கும் குழந்தைக்கே செய்யலாம். அதில் சந்தேகம் வந்தால் 'பெரா' சோதனை. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் பிறவிக் கேட்புக் குறையும் அடங்கும். மாவட்ட அளவில் இதற்கென ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்கள் செயல்படுகின்றன. தகுதியுள்ள 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. ஆறு வயது என்பது திட்டத்தின் எல்லை. குழந்தையின் மூளைக்கு அதைவிட எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. மூளை தேடுவது ஒலியை மட்டும் இல்லை, மொழியை. சைகை மொழி பேசும் பெற்றோரின் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் அதே பருவத்தில் கையால் மழலை பேசுகிறார்கள் என்பதை 1991-இல் லோரா பெட்டிட்டோவும் பாவ்லா மாரென்டெட்டும் பதிவு செய்தார்கள். கருவியோ சைகையோ, ஏதாவது ஒரு மொழி முதல் வருடங்களிலேயே குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

மண்டகப்பட்டின் இரண்டு 'ட'வும் பெரியவர்களுக்கு ஒன்றாகவே கேட்டுவிட்டுப் போகட்டும், அதனால் நஷ்டம் இல்லை. திண்ணையில் இருக்கும் குழந்தைக்குக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா என்று ஆயா பார்க்கட்டும். திரும்பாவிட்டால் காத்திருக்க வேண்டாம். திரும்பினாலும் சோதனையைத் தவறவிட வேண்டாம்: ஒரு காதில் மட்டும் இருக்கும் குறையும் லேசான குறையும் வீட்டில் கூப்பிட்டுப் பார்ப்பதில் தெரியாது.